எனக்கு எட்டாத வாடை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தப்பித்தேன்.

காலையில் ஒன்பது கிண்ணம். மதியம் பலகையில் எல்லோருடைய எண்களையும் ஒட்டினார்கள். என் வரிசைக்கும் மற்ற ஐந்து பேரின் சராசரிக்கும் அரை எண்தான் வித்தியாசம். தரப் பிரிவுத் தலைவி மேடம் தோளில் தட்டி, “நாக்குல தராசு வச்சிருக்கியாம்மா?” என்றார். சிரித்து வைத்தேன். 

சேர்ந்து நான்கு வாரம் ஆகியும் இந்த வேலையைப் பற்றி இதில் ஒழுங்காக எழுதவில்லை. எங்கள் தொழிற்சாலையில் செய்வது ஒரு மாவு. சில குழந்தைகளின் உடம்பு பிறவியிலேயே சாதாரணப் பாலையும் பருப்பையும் இறைச்சியையும் ஏற்காது. அவர்களுக்கு வேளாவேளைக்கு இந்த மாவைக் கரைத்துக் கொடுப்பதுதான் சாப்பாடு. வேறு எதுவும் கிடையாது. ஆனால் இதைப் போல் நாறும் சாப்பாடு உலகத்திலேயே இல்லையாம். “ஊற வச்ச சாக்குல மீனைச் சுத்தி வெயில்ல வச்ச மாதிரி” என்பார் மோப்பம் சார். (பொதி கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர். இருபது வருடமாகச் சுவைக் குழுவில் இருக்கிறார். இந்தப் பெயரை அவருக்கு அவரே வைத்துக்கொண்டார்.)

நாங்கள் ஆறு பேரும் எண் போடுகிறோம். பூச்சியம் என்றால் குடிக்கலாம். பத்து என்றால் வாயில் வைக்கவே முடியாது. ஏழைத் தாண்டிய மாவு வாசலைத் தாண்டக் கூடாது. குழந்தை துப்பிவிடும்.

ஆளுக்கொரு தடுப்பறை. நிறம் பார்த்து ஏமாறாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவரில் ஒரு சாண் உயரத்தில் ஜன்னல். அதன் பலகை மேலே போகும், இரண்டு கைகள் மட்டும் கிண்ணத்தோடு உள்ளே வரும், பலகை இறங்கும். அந்தக் கைகள் ஜன்னலக்காவுடையவை. அந்தப் பக்கம் இருக்கும் சமையலறையில் கரைத்து ஊற்றி, எண் எழுதித் தருவது அவர்தான்.

எனக்கு ஒன்பது கிண்ணமும் ஒன்றுதான். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் உப்பு, நாக்கில் ஒட்டும் மாவு. மற்ற அறைகளில் இருமுகிறார்கள், துப்புகிறார்கள், “ஐயோ” என்கிறார்கள். நான் அக்காவின் கையைப் பார்த்து எண் போடுகிறேன்.

என் நாக்கு கொஞ்சம் மட்டம், பழகினால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வருமா?

மார்ச் 5, வியாழன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிவிட வேண்டும்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த கணக்குப் பிரிவு அக்கா அப்படியே திரும்பி ஓடினார். பின்னாலேயே வந்த இரண்டு பேர் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறதாம். மூன்று நாளாவது ஆகியிருக்குமாம். வாசலில் கூட்டமே கூடிவிட்டது. உள்ளே நான் மட்டும் இரண்டாவது காலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மோப்பம் சார் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மூக்கை வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்தினேன். பொத்துவதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். சோப்பை மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. பினாயில் — எரிந்தது. அவ்வளவுதான். பையிலிருந்த தலைவலித் தைலம் குளிர்ந்தது. வெங்காயம் எரியும், புகை கரிக்கும். இதையெல்லாம்தான் நான் இத்தனை வருஷமும் மணம் என்று நினைத்திருந்தேனா?

பூ மணக்கிறது என்றால் நானும் மணக்கிறது என்பேன். சின்ன வயதில் அது ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். யாராவது தும்மினால் நல்ல வார்த்தை சொல்கிறோமே, அந்த மாதிரி. பூவைக் கண்டால் மூச்சை இழுத்து “ஆஹா” என்று சொல்ல வேண்டும், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று.

இருபத்திரண்டு வயசு. உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டம். கடவுளே.

மார்ச் 7, சனி

விடுப்பு சொல்லிவிட்டு, பேருந்து மாறி, எங்களை யாருக்கும் தெரியாத பகுதியில் ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தேன். கண்ணைக் கட்டி எட்டு குப்பியை நீட்டினார். எட்டுக்கும் பூச்சியம். பிறவியிலேயே இப்படித்தானாம், பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்குமாம். “நாக்கு நல்லா இருக்கு, மூக்குக்குத்தான் இணைப்பே இல்ல. இதுல கவலைப்பட ஒண்ணும் இல்லம்மா. என்ன வேலை பாக்குறீங்க?”

“கணினி” என்றேன்.

தேர்வில் எப்படித் தேறினேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் தண்ணீரில் உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு. அதில் முதல் ஆளாக வந்தேன், அது என் நாக்கு, பொய்யில்லை. மறுநாள் பஞ்சு வைத்த குப்பிகள். மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். எனக்கு முன்னால் முகர்ந்தவர்களின் புருவத்தைப் பார்த்தேன். யார் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார்கள், யார் இன்னொரு தடவை குனிகிறார்கள் என்று பார்த்து எழுதினேன். அதை ஏமாற்று என்று அப்போது நினைக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். சத்தியமாக.

இன்றிலிருந்து அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா தோல் மண்டியில் வேலை. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவது. பள்ளியில் அவர் என்னைக் கூப்பிட வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களைக் கேவலப்படுத்தச் செய்கிற சைகை என்று நினைத்தேன். ஒருத்தியின் கையைக் கடித்திருக்கிறேன். அண்ணன்கூட அப்பா குளிக்கும்வரை பக்கத்தில் உட்கார மாட்டான். ‘படிச்சுட்டான்ல, திமிர்’ என்று மனதுக்குள் திட்டுவேன். நான் மட்டும் அவர் வந்ததும் மடியில் ஏறிக்கொள்வேன்.

அப்பா ஊரெல்லாம் சொல்வார்: “என் சின்னவளுக்கு என் மேல அசிங்கமே கிடையாது.”

அந்த வாடை நிஜமாகவே இருந்திருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிடலாம் என்று மேடத்தின் அறை வாசல்வரை போனேன். கண்ணாடிக்குள் அவர் யாரிடமோ போனில், “அந்தப் புதுப் பொண்ணா? தங்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

பயிற்சிக் காலம் ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அதுவரை தாங்கினால் போதும். நிரந்தரம் ஆனதும் வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொள்வேன். ஏழு வாரம்.

அக்காவின் கையை இப்போது வேண்டுமென்றேதான் படிக்கிறேன். நல்ல கிண்ணமென்றால் இரண்டு விரலால் நகர்த்துவார், கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். சுமாரென்றால் கட்டை விரல் விளிம்பைவிட்டு விலகும். மோசமென்றால் முழங்கை நீண்டு கிண்ணம் தூரத்திலிருந்து வரும், போகும்போது வேகமாகப் போகும். ரொம்ப மோசமென்றால் கிண்ணம் நிலைக்கு வருவதற்குள் பலகை விழுந்துவிடும். இது அவருக்கே தெரியாது. முகத்தைக் காட்டக் கூடாது, பேசக் கூடாது என்று அவருக்கு விதி. கைக்கு விதி போட யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 17, செவ்வாய்



மேடம் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். காலையில் வந்து இறங்கும் மீனெண்ணெய்க்கும் அதைக் கலந்த மாவுக்கும் இனி ஆறு பேரும் கூட வேண்டாம். கூட்டம் கூடுவதற்குள் பத்தரை ஆகிவிடுகிறது, லாரி நிற்கிறது. குழுவில் பிசகில்லாத ஒருவர் சுவைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஒருவர் நான்.

“இருபது வருசம் மோந்தவன் இங்க இருக்கேன். நேத்து வந்த பிள்ளைக்குப் பட்டாபிஷேகமா?” என்றார் மோப்பம் சார். கேலிதான், பாதிதான் கேலி. நான், “சாரே பண்ணட்டும் மேடம்” என்றேன். மனதார. மேடம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எண்ணெய் கெட ஆரம்பிக்கும்போது கருவிக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும் என்பது இங்கே வேதவாக்கு. கருவிச் சோதனை வாரத்துக்கு ஒரு தடவைதான். இடையில் காவல் நான்.

“முடியாது” என்று நாலு எழுத்து. வாய் வரவில்லை.

மார்ச் 18, புதன்

மூன்று கையெழுத்து. அக்காவின் கை நிதானமாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். பலகை படாரென்று விழுந்தது, எட்டு போட்டேன். மோப்பம் சாரை அழைத்துச் சரிபார்த்தார்கள். ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் தலையைச் சிலுப்பிக்கொண்டு, “சரியாத்தான் பிடிச்சிருக்கா. ஒத்துக்கிறேன்” என்றார். போகும்போது என் மேசையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்.

அதைத் தின்ன முடியவில்லை.

மார்ச் 25, புதன்

நேற்றும் இன்றும் சேர்த்து ஏழு தொகுதிக்குக் கையெழுத்துப் போட்டேன். எல்லாமே நல்ல கிண்ணம். அக்காவின் கை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இந்த வாரம் எண்ணெய் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மதியம் கேன்டீனில் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். குரல் அடைத்திருந்தது. தட்டைக் கிளறிக்கொண்டே, “என்ன கொழம்போ தெரியல, மண்ணத் தின்ன மாதிரி இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து மூக்கு ஒரேடியா அடைச்சுக்கிச்சு. பக்கத்துல பிணத்தப் போட்டாலும் தெரியாது எனக்கு” என்றார்.

திங்கக்கிழமையிலேருந்து.

ஏழு தொகுதி. யாருமே மோந்து பாக்கல. அந்தப் பக்கமும் மூக்கு இல்ல, இந்தப் பக்கமும் மூக்கு இல்ல. நடுவுல ஒரு கிண்ணம் போய் வந்துகிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான்.

“என்னடி வெளுத்துப் போயிட்ட? உனக்கும் காய்ச்சலா?” என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஏழு தொகுதியோடும் லாரி நாலு மணிக்குப் போகும். இதை எழுதும்போது மணி மூன்றே கால். எழுந்து போய் ஒரே ஒரு வார்த்தை. எழுந்திரேன்டி.

அதே நாள், பேருந்தில்

எழுந்திருக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. ஏழும் நல்லதாகவே இருக்கலாம். பெரும்பாலும் நல்லதாகத்தான் வருகிறது. ஐந்தில் நான்கு நல்லது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பிறகு ஏழில் ஒன்றாவது கெட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு என்றும் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

மார்ச் 30, திங்கள்

அக்காவுக்குச் சளி போய்விட்டது. கை பழையபடி பேசுகிறது. இன்று காலைக் கிண்ணத்தில் கட்டை விரல் விலகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில். என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்துவிட்டது.

ஒரு குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து கடிதம். மேடம் நின்றுகொண்டே படித்தார். “உங்கள் மாவை இந்த வாரம் எந்தக் குழந்தையும் குடிக்கவில்லை. வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்புகிறார்கள், வாந்தி எடுக்கிறார்கள். டப்பாவைத் திறந்த செவிலியர் வெளியே போய்விட்டார். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இரண்டு நாள் எதுவும் இறங்காமல் மயங்கியதால் நரம்பு வழியாக ஊட்டம் ஏற்றுகிறோம்.”

தொகுதி எண்ணைச் சொன்னார். அக்காவுக்கு மூக்கடைத்திருந்த செவ்வாய்க்கிழமை போட்ட மூன்றாவது கையெழுத்து.

அந்தக் குழந்தைக்கு வேறு சாப்பாடு கிடையாது. மற்ற பிள்ளை என்றால் இது பிடிக்கவில்லை, அது கொடு என்று அழும். இவள் எதைக் கேட்டு அழுவாள்?

ஏப்ரல் 6, திங்கள்

அந்தத் தொகுதியை எல்லா இடத்திலிருந்தும் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செவ்வாய் புதன் கையெழுத்தான மற்ற ஆறுக்கும் சேமிப்பில் இருந்த மாதிரிகளை மோப்பம் சார் முகர்ந்து, நல்லதுதான் என்று சொல்லிவிட்டார். அது ஒன்றுதான். ஒன்று போதாதா?

பிறகு விசாரணை. என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்கு! மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதே, உன் மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. இரண்டு மாசப் பதிவையும் பாத்தோம், ஒரு தடவைகூட நீ தவறலை. அப்படின்னா உனக்கு வந்த கிண்ணம்தான் தப்பு. ஜன்னல்ல நின்னவ முந்தின நாள் மிச்சத்தை ஊத்திக் கொடுத்திருக்கா. சளியோட வேலைக்கு வந்ததையும் மறைச்சிருக்கா” என்றார்.

நான் தலையை ஆட்டினேனா? ஆட்டவில்லை என்று நினைக்கிறேன். ஆட்டாமலும் இல்லை. கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஜன்னலக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை பெரியவர் (எங்கள் முதலாளி) முன்னால் விசாரித்து முடிவாம். பதினான்கு வருட வேலை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வேறொரு பெண்ணை ஜன்னலில் போட்டிருக்கிறார்கள். அவள் கை எந்திரம் மாதிரி வருகிறது, போகிறது. தலைவலி என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா காத்திருந்தார். வீட்டுப் புடவையில் அவரை அடையாளமே தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன்.

“நீயாவது சொல்லு கண்ணு. நான் மாத்தியா குடுத்தேன்? அன்னன்னைக்குக் கரைச்சு அன்னன்னைக்குக் கொட்டுறவ நான். உனக்குத் தெரியுமில்ல? உன் நாக்கு சொல்லுமில்ல, அது புதுசா பழசான்னு?”

“அக்கா, நீங்க மாத்தல” என்றேன்.

“அப்ப அதை அங்க சொல்லு. உன் வாய் வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்கு. சளின்னு சொன்னா அன்னைக்கு என்னை வெளியில உக்கார வச்சிருப்பாங்க, அதுக்குப் பயந்து சொல்லல. அது என் தப்புதான். ஆனா மாத்திக் குடுத்தேன்னு மட்டும் பழி வேணாம்.”

பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.  “வாயத் தொறக்காத” என்றான்.

“அந்த அக்காவுக்கு வேலை போயிடும்டா.”

“உனக்குப் போகாதா? ஏமாத்தி சேந்தேன்னு எழுதிக் குடுத்தா அப்புறம் எவன் வேலை குடுப்பான்? நம்ம வீட்ல முதல்ல பட்டம் வாங்குனவ நீ. அப்பா மண்டி முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு. யோசிச்சுக்கோ.”

அவன் சொல்வது எல்லாம் சரிதான். பயத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், எதில் பயப்பட வேண்டும் என்பதில் அவன் தப்புப் பண்ண மாட்டான்.

ஆனால் அந்தக் குழந்தை? நாளைக்கு அந்த எந்திரக் கைக்காரி கிண்ணம் நீட்டுவாள். நான் என்ன எண் போடுவேன்? எதைப் பார்த்து? பழியை அக்கா மேல் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருப்பார்கள். கெட்ட எண்ணெய் மறுபடி வரும். என் கையெழுத்தோடு வாசலைத் தாண்டும்.

மூக்கு டாக்டரின் சீட்டை எடுத்துப் பையில் வைத்தேன். 

ஏப்ரல் 9, வியாழன்

பெரியவர், மேடம், மோப்பம் சார், அக்கா, நான். நீள மேசை. நடுவில் அந்தத் தொகுதியில் கலந்த எண்ணெயின் மாதிரிக் குப்பி, மூடியோடு.

மேடம் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

“எனக்கு மூக்கு இல்ல சார்” என்றேன்.

மோப்பம் சார் சிரித்துவிட்டார். பிறகு மற்ற யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிறவியிலேயே மணம் தெரியாது, மார்ச் ஐந்து வரை எனக்கே தெரியாது, தெரிந்த பிறகும் சொல்லவில்லை, அக்காவின் கையைப் பார்த்து எண் போட்டேன், அவருக்குச் சளி பிடித்ததால் கை பேசவில்லை, நான் குருட்டாம்போக்கில் கையெழுத்துப் போட்டேன், அவர் எதையும் மாற்றவில்லை — ஒரே மூச்சில். மூக்கு டாக்டரின் சீட்டையும் வைத்தேன்.

மேடம் சீட்டைத் தொடவே இல்லை. “அவளைக் காப்பாத்த இப்படிப் பேசுறா. பயந்த பொண்ணு சார், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. இரண்டு மாசப் பதிவு இருக்கு! கையைப் பாத்து எவளாலயாவது அரை எண் பிசகாமப் போட முடியுமா?”

நான் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தேன். பெரியவர் நாற்காலியோடு பின்னால் போனார். மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மோப்பம் சார் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூக்கருகே வைத்து நன்றாக இழுத்தேன். பிறகு தேநீர்க் கரண்டியில் ஊற்றிக் குடித்தேன். இன்னொரு கரண்டி. வழவழவென்று இருந்தது, லேசான கசப்பு. முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது, தெரிவதற்கு எனக்குள் ஒன்றும் இல்லை. மூன்றாவது கரண்டி ஊற்றும்போது மோப்பம் சார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“போதும்மா. போதும். வச்சிரு.”

 மேடம்தான் முதலில் எழுந்து வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை — கோபம் என்றால் தாங்கியிருப்பேன். பயந்துபோயிருந்தார். என்னை நம்பி எத்தனை மாவு போயிருக்கிறது என்று எண்ணத் தொடங்கியிருப்பார்.

வெளியே வந்ததும் அக்காவின் பக்கம் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? இருக்கலாம். அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, “ரெண்டு மாசமா என் கையவா பாத்துக்கிட்டு இருந்த?” என்றார். “அன்னைக்கு நெத்தியத் தொட்டுப் பாத்தேனே. அப்பக்கூடச் சொல்லல.”



ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். மூக்குக்காகவா, வேலைக்காகவா என்று கேட்கவில்லை.

அப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. “அப்ப ஒண்ணுமே தெரியாதா? பூ? மழை மண்ணு?”

“இல்லப்பா.”

“என் மேல...?”

“தெரியாதுப்பா. எப்பவுமே தெரிஞ்சதில்ல.”

“அப்ப நீ பொறுத்துக்கிட்டு உக்காரலையா?” என்றார். சிரித்தார். “நல்லதுதான் போ” என்றார். பிறகு எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். மண்டி இன்று விடுமுறை. காலையிலேயே குளித்திருந்தார்.

ஏப்ரல் 15, புதன்

முடிவு வந்தது. அக்காவுக்குச் சளியை மறைத்ததற்கு எச்சரிக்கை மட்டும். திங்கள் முதல் வேலைக்கு வரலாம். சுவைக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நிரந்தரம் இல்லை. வெளியே அனுப்பத்தான் இருந்தார்களாம். “திருடுனவளே வந்து பூட்டுல எங்க ஓட்டைன்னு காட்டிருக்கா, அவளை வெளியில விட்டா நமக்குத்தான் நஷ்டம்” என்று மோப்பம் சார் பேசினாராம். ஆறு மாதத்துக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவியில் உட்காரலாம், பிறகு பார்க்கலாம். தனிக் கையெழுத்து முறையையே எடுத்துவிட்டார்கள். இனி மூன்று பேர், அதில் ஒருவருக்குத் தும்மல் வந்தாலும் லாரி நிற்கும்.

ஜன்னலுக்குக் கை தெரியாதபடி சுழல்தட்டு வாங்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து இன்னொரு கடிதம். புதுத் தொகுதியைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அந்த நான்கு வயதுக் குழந்தை மட்டும் டப்பாவைப் பார்த்தாலே கத்தியதாம், கரண்டி கரண்டியாகப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் இன்னும் எத்தனை நாள் அந்த டப்பாவுக்குப் பயப்படுவாள் என்று யாரும் எழுதவில்லை.

மே 2, சனி

இப்போது பயம் வேறு மாதிரி. பால் திரிந்திருக்கிறதா, சோறு ஊசியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமும் தெரியாமல்தான் தின்றேன், தெரியாது என்பதே தெரியாமல். இப்போது ஒவ்வொரு கவளத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். நிறம் மாறியிருக்கிறதா, நூல் விடுகிறதா என்று. அம்மா முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுகிறார். கேன்டீனில் அப்படி யாரும் இல்லை. கெட்டுப்போகாத ரொட்டியாகப் பார்த்து வாங்கித் தின்கிறேன்.

அக்கா இன்னும் பேசவில்லை. எதிரில் வந்தால் கையைக் கட்டிக்கொள்கிறார்.

மே 14, வியாழன்

ரொட்டி தீர்ந்துவிட்டது. மீன்தான் இருக்கிறது என்றார்கள், வாங்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போனேன். துண்டைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன், வேறு யாரும் மீன் வாங்கவில்லை. பசி. சின்னதாகப் பிய்த்தேன்.

பின்பக்கத்திலிருந்து குரல். தட்டோடு போய்க்கொண்டிருந்த ஜன்னலக்கா நின்றிருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை, என் தட்டையும் பார்க்கவில்லை, பரிமாறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அதைத் திங்காத. ஊசிப் போயிருக்கு.”

கையிலிருந்ததைத் தட்டில் போட்டேன். போய்விடுவார் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தன் தட்டைக் குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், எனக்குக் கேட்கும்படியே.

“இது நல்லாருக்கு” என்றார். “பாதி எடுத்துக்கோ.”